இழுப்பின் கணக்கு



திருவள்ளூர் மாவட்டத்தில் நச்சுப்புகை என்று யாராவது பேச்செடுத்தால், கேட்பவர் கவனம் உடனே கிழக்கே போய்விடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகள், அதற்குத் தெற்கே எண்ணூர், மணலி என்று பேச்சு நீளும். மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் பள்ளிப்பட்டில் அப்படிப்பட்ட ஆலைக் கூட்டம் இல்லை. விசைத்தறிச் சத்தமும் கரும்பு வயலும்தான். அதனால் "நம்ம ஊர்க் காத்து சுத்தமான காத்து" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சொல்வதில் நியாயம் உண்டு. அந்தக் காற்றோடு சேர்த்து, பீடி வழியாகவும் சிகரெட் வழியாகவும் நெஞ்சுக்குள் போகும் வாயுக்களைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

1980-களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. பென்சீன் போன்ற வாயுக்கள் மனிதர் உடம்பில் எங்கிருந்து ஏறுகின்றன என்பதுதான் கேள்வி. நியூ ஜெர்சி மாநிலத்தில் எலிசபெத், பேயோன் என்ற இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். இரசாயன ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும் நெருக்கமாக நிற்கும் வட்டாரம் அது. நம் மணலி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். லான்ஸ் வாலஸ் என்ற விஞ்ஞானி முன்னின்று நடத்திய அந்தக் குழு, வெளியே கருவி வைத்து அளந்ததோடு நிற்கவில்லை. மக்கள் போகிற இடமெல்லாம் கூடவே போகும்படி சிறிய கருவிகளை அவர்கள் மீதே மாட்டிவிட்டது. அவர்கள் வெளியே விட்ட மூச்சையும் பிடித்துச் சோதித்தது.

வந்த விடையை அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அமெரிக்கக் காற்றில் கலக்கும் பென்சீன் முழுவதையும் ஒன்றாகக் கூட்டினால், அதில் சிகரெட்டின் பங்கு ஆயிரத்தில் ஒன்று அளவுதான். ஆனால் மக்கள் உடம்பில் ஏறும் பென்சீனைக் கூட்டினால், ஏறத்தாழ பாதி சிகரெட்டிலிருந்து வந்தது. ஆலை பக்கத்திலேயே இருந்தும் இந்த நிலை. காரணம் எளிது. ஆலை விடும் புகை காற்றில் கலந்து, பரவி, நீர்த்து, பிறகுதான் மூக்குக்கு வருகிறது. சிகரெட்டின் புகை நேராக வாய்க்குள் வருகிறது. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் வாயு பென்சீன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இதனால் எந்த ஆலையின் பொறுப்பும் குறைந்துவிடாது. கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றை அரசு கண்காணித்தே ஆக வேண்டும். வேலை முடிந்து வெளியே வந்ததும் அதே பிள்ளைகள் பற்றவைக்கும் சிகரெட்டையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பதே செய்தி.

புகை பிடிப்பவர்களிடம் பேசிப்பாருங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு சமாதானம் இருக்கும். "பஞ்சு வச்சதுதான் பிடிக்கிறேன்" என்பார் ஒருவர். "முன்ன ஒரு பாக்கெட்டு, இப்ப அஞ்சோட சரி" என்பார் இன்னொருவர். "பீடிதானே, அதுல என்ன இருக்கு, இத்தனூண்டு தூள்" என்பது மூன்றாமவர் வாதம். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தங்கள் உடம்பின் மேல் அக்கறை இருப்பதால்தான் இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் உடம்பில் எவ்வளவு நஞ்சு ஏறுகிறது என்பதைப் பெட்டியும் பஞ்சும் எண்ணிக்கையும் மட்டும் முடிவு செய்வதில்லை. எப்படிப் பிடிக்கிறார்கள், எவ்வளவு ஆழமாக இழுக்கிறார்கள், எத்தனை நொடிக்கு ஒரு முறை இழுக்கிறார்கள், எந்த இடம் வரை பிடித்துவிட்டு எறிகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

முதலில் அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் எழுபதுக்குக் குறையாதவை புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. பல்லிலும் விரலிலும் மஞ்சளாகப் படியும் தாரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வாயுக்களைப் பற்றித்தான் பேச்சு குறைவு. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு, அக்ரோலின், பார்மால்டிஹைடு, பென்சீன், நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாம் அதில் அடக்கம்.

கார்பன் மோனாக்சைடை மட்டும் எடுத்துக்கொள்வோம். நிறமும் மணமும் இல்லாத வாயு. இந்தியாவில் வெளிக்காற்றுக்கு விதித்திருக்கும் வரம்புப்படி, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. சிகரெட்டிலிருந்து வாய்க்கு வரும் புகையிலோ நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை இந்த வாயுதான். நூற்றுக்கு மூன்று என்று வைத்தாலே, அதே கன மீட்டர் கணக்கில் முப்பதாயிரம் மில்லிகிராமைத் தாண்டிவிடும். உள்ளே போகும்போது காற்றோடு கலந்து நீர்த்துவிடுவதால்தான் பிடிப்பவர் அங்கேயே மயங்கி விழுவதில்லை. ஆனால் இரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவை விட இதை இருநூறு மடங்குக்கு மேல் விருப்பத்தோடு பிடித்துக்கொள்ளும். பிடித்தால் லேசில் விடாது. உட்கார்ந்திருக்கும் மனிதரின் இரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடில் பாதி வெளியேற நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். அரை மணிக்கு ஒரு தம் என்று போகிறவருக்கு, காலையில் ஏறத் தொடங்கியது இரவு படுக்கப் போகும் வரை ஏறிக்கொண்டே இருக்கும். இரத்தம் ஓடுகிறது, ஆனால் அது சுமந்து போக வேண்டிய பிராணவாயுவின் இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. இதயம் அதை ஈடுகட்டக் கூடுதலாக உழைக்கிறது. படியேறும்போது மூச்சு வாங்குவதற்கு வயதைக் குறை சொல்கிறோம்.

அக்ரோலினும் ஹைட்ரஜன் சயனைடும் வேறு வேலையைச் செய்கின்றன. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டிருக்கும். இந்த வாயுக்கள் பட்டால் அந்த அசைவு மந்தமாகிறது. பஞ்சுத் தூசி பறக்கும் தறிக்கூடத்தில் நாள் முழுக்க நிற்கும் நெசவாளிக்கு இந்த மயிரிழைகள் எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி பஞ்சைப் பார்ப்போம். சிகரெட்டின் நுனியில் இருப்பது பருத்தி அல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்ற செயற்கை நார். அது தாரில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கும். பிடித்துவிட்டுப் பார்த்தால் அது பழுப்பாக மாறியிருப்பதே அதற்குச் சான்று. அந்தப் பழுப்பைப் பார்த்து மனம் ஆறுதல் அடைகிறது. ஆனால் கார்பன் மோனாக்சைடை அது பிடிக்காது. மீன் வலை தண்ணீரைத் தடுக்காதது போலத்தான். அக்ரோலின், பென்சீன் போன்ற சிலவற்றைக் கரி வைத்த வடிகட்டி ஓரளவு உறிஞ்சும். கார்பன் மோனாக்சைடு அதிலும் தப்பிவிடும்.

'லைட்', 'மைல்டு' என்ற பெயர்களில் சிகரெட் வந்த கதை இன்னும் ஆழமானது. அதைச் சொல்ல ஓர் இயந்திரத்திலிருந்து தொடங்க வேண்டும். 1936-இல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியைச் சேர்ந்த மூவர், சிகரெட் பிடிக்கும் இயந்திரத்துக்கு ஓர் அளவு வகுத்து வெளியிட்டார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு நொடி, 35 மில்லிலிட்டர் புகை. இதுதான் இழுப்பு. 1967-இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் ஏறக்குறைய இதே அளவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சிகரெட்டிலும் எவ்வளவு தார், எவ்வளவு நிகோடின் என்று அளக்கத் தொடங்கியது. மனிதர் பிடிக்கும் விதத்தை எந்தச் சோதனையும் அப்படியே காட்டாது என்பதை ஆணையமே அப்போது ஒப்புக்கொண்டது. ஆனாலும் எண் விளம்பரத்துக்குப் போய்விட்டது. தார் குறைவு என்றால் ஆபத்து குறைவு என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எந்த மனிதர் கடிகாரம் பார்த்து நிமிடத்துக்கு ஒரு முறை இழுக்கிறார்? விசைத்தறிக் கூடத்துக்குள் நெருப்பு கூடாது. நூலும் பஞ்சும் பற்றிக்கொள்ளும். அதனால் மின்சாரம் போன நேரத்திலோ, டீ நேரத்திலோ வெளியே வந்து, கிடைத்த ஐந்து நிமிடத்தில் பிடித்து முடித்தாக வேண்டும். இருபது நொடிக்கு ஒன்று, அதைவிட வேகமாகவும் இழுப்பு விழுகிறது. மனிதர்கள் சாதாரணமாகவே ஒரு இழுப்புக்கு 40 முதல் 60 மில்லிலிட்டர் வரை இழுக்கிறார்கள் என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அவசரத்தில் இழுப்பவர் இன்னும் கூடுதலாக இழுப்பார். கனடா அரசு பிற்பாடு வகுத்த கடுமையான சோதனை முறை இதை ஒட்டியது: 55 மில்லிலிட்டர், அரை நிமிடத்துக்கு ஒரு முறை. அந்த முறையில் அதே சிகரெட்டை வைத்து அளந்தால் கார்பன் மோனாக்சைடு பழைய கணக்கைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. 'லைட்' வகையில் வித்தியாசம் இன்னும் பெரிது.

'லைட்' சிகரெட்டில் அப்படி என்ன செய்தார்கள்? புகையிலையை மாற்றியது கொஞ்சம்தான். பஞ்சைச் சுற்றிய காகிதத்தில் வளையமாக மிக நுண்ணிய துளைகள் போட்டார்கள். கண்ணில் எளிதில் படாத துளைகள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் புள்ளிக் கோடாகத் தெரியும். இயந்திரம் இழுக்கும்போது அந்தத் துளை வழியே சுத்தமான காற்று உள்ளே வந்து புகையை நீர்க்கச் செய்யும். அளவு குறைவாகக் காட்டும். இயந்திரம் சிகரெட்டின் நுனியை மட்டும் கவ்வும்; துளைகள் திறந்தே இருக்கும். மனிதரோ அதே இடத்தில்தான் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைக்கிறார், அல்லது உதட்டுக்குள் வைத்து அழுத்துகிறார். துளை அடைபட்டுவிடுகிறது. லின் கோஸ்லோவ்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் 1980-இல் இதை ஆராய்ந்து எழுதினார். துளையை அடைத்துப் பிடித்த சிகரெட், 'லைட்' என்ற பெயரோடு இருந்தாலும், தாரையும் கார்பன் மோனாக்சைடையும் தாராளமாகவே தந்தது.

விரல் படாமல் கவனமாகப் பிடித்தாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. புகை பிடிப்பவரின் மூளை தேடுவது நிகோடினை. தினமும் எவ்வளவு கிடைத்துப் பழகியதோ அவ்வளவு கிடைக்கும் வரை அது விடாது. புகை நீர்த்திருந்தால் இழுப்பு நீளும், ஆழமாகும், இன்னொரு தடவை கூடும். இதைத் திட்டம் போட்டு யாரும் செய்வதில்லை, தானாக நடக்கிறது. கலிபோர்னியாவின் நீல் பெனோவிட்ஸ் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், நிகோடின் குறைவு என்று விற்ற சிகரெட்டைப் பிடித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார். அவர்கள் உடம்பில் நிகோடின் குறைந்திருக்கவில்லை. நிகோடினைத் தேடி இழுக்கும் ஒவ்வொரு இழுப்பிலும் மற்ற வாயுக்கள் கூடவே வருகின்றன என்பதுதான் இதில் வேதனையான பகுதி.

இவையெல்லாம் கம்பெனிகளுக்குத் தெரியாமல் நடந்தவை அல்ல. 2006-இல் வாஷிங்டனில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் இந்த உண்மையை அறிந்துகொண்டே 'லைட்' என்ற பெயரில் மக்களை ஏமாற்றின என்று விரிவான தீர்ப்பு எழுதினார். 2008-இல் வர்த்தக ஆணையம் தன் பழைய அளவீட்டு வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இலேயே இந்தப் பெயர்களைத் தடை செய்துவிட்டது. அமெரிக்காவில் 2010-இல் தடை வந்தது. நாற்பது ஆண்டு காலம் கோடிக்கணக்கான மக்கள், விட்டுவிடலாம் என்று நினைத்த நேரத்தில் விடாமல் 'லைட்'டுக்கு மாறினார்கள். அவர்களில் எத்தனை பேர் அன்றே விட்டிருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது.

ஆழமாக இழுத்ததற்கு நுரையீரல் ஒரு விலை கொடுத்தது. பழைய காலச் சிகரெட்டால் பெரும்பாலும் பெரிய மூச்சுக்குழாய்களில் புற்றுநோய் வந்துகொண்டிருந்தது. 1950-களுக்குப் பிறகு சிகரெட்டின் வடிவமைப்பில் வந்த மாற்றங்களைத் தொடர்ந்து, நுரையீரலின் வெளியோரத்தில் வரும் அடினோகார்சினோமா என்ற வகை அதிகமானது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2014-ஆம் ஆண்டு அறிக்கை முடிவுக்கு வந்தது.

பிடிக்கும் விதம் மாறினால் நோய் வரும் இடமே மாறிவிடும் என்பதற்கு நம் எல்லைக்கு அப்பால் இன்னும் அழுத்தமான சான்று இருக்கிறது. ஆந்திராவின் வடகரையோரம், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் பலர் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் பழக்கம் உண்டு. பார்ப்பவருக்குச் சுருட்டின் மறுமுனை மட்டும் உதட்டுக்கு வெளியே தெரியும். 1945-இல் கானோல்கர், சூர்யாபாய் என்ற ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்தையும் மேலண்ணத்தில் வரும் புற்றுநோயையும் சேர்த்து எழுதினார்கள். 1971-இல் பின்ட்போர்க் என்ற டேனிஷ் பல் மருத்துவரும் இந்திய ஆய்வாளர்களும் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் 10,169 கிராமத்தாரின் வாயைப் பரிசோதித்து, அண்ணத்தில் தோன்றும் புண்களையும் வெண்திட்டுகளையும் பதிவு செய்தார்கள். சாதாரணமாகச் சுருட்டுப் பிடிப்பவருக்கு மேலண்ணத்தில் புற்றுநோய் வருவது அரிது. அதே சுருட்டைத் திருப்பி வைத்ததும், சூடும் புகையும் முதலில் தாக்கும் இடம் அண்ணமாகிவிட்டது.

சுருட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நான் புகையை உள்ள இழுக்கிறதில்ல" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அது உண்மையாக இருந்தால், கார்பன் மோனாக்சைடைப் பொறுத்தவரை அவர்களுக்குக் கொஞ்சம் குறைவுதான். அந்த வாயு நுரையீரல் வழியாகத்தான் இரத்தத்துக்குள் போகும், வாயின் தோல் வழியாகப் போகாது. சுருட்டின் புகை காரத்தன்மை கொண்டதாக இருப்பதால் நிகோடின் மட்டும் வாயிலேயே ஊறிவிடும். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றுக்கு உள்ள ஆபத்து அப்படியே இருக்கிறது. சிகரெட்டிலிருந்து சுருட்டுக்கு மாறுகிறவர்களோ பழைய வழக்கப்படி நெஞ்சுக்குள் இழுத்துத்தான் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சிறு சலுகையும் இல்லை.

இப்போது பீடிக்கு வருவோம். பள்ளிப்பட்டுக்கு இதுதான் முக்கியம். 2016-17-இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 7.7 பேர் பீடி பிடிப்பதாகவும் 4 பேர் சிகரெட் பிடிப்பதாகவும் தெரிந்தது. பீடிக்குள் இருக்கும் தூள் கால் கிராம்கூட இருக்காது. சிகரெட்டில் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் இருக்கும். அப்படியானால் பீடிப் புகையில் நஞ்சும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்?

இல்லை. காரணம் இலையில் இருக்கிறது. சிகரெட் காகிதம் நுண்துளைகள் கொண்டது. வெளியிலிருந்து காற்று உள்ளே வரும். உள்ளே உண்டாகும் கார்பன் மோனாக்சைடில் ஒரு பகுதி அந்தத் துளை வழியே கசிந்து வெளியே போகும். பீடி இலை அப்படிக் கசிய விடாது. உள்ளே காற்று போதாமல் புகையிலை அரைகுறையாக எரிகிறது. அரைகுறையாக எரியும் எதிலும் கார்பன் மோனாக்சைடு அதிகம். அதுவும் வெளியேற வழியின்றி வாய்க்கே வந்து சேர்கிறது. மும்பையைச் சேர்ந்த எல்.டி. சாங்வியும் அமெரிக்காவின் ஹாஃப்மன், விண்டர் ஆகியோரும் 1974-இல் இந்தியப் பீடியையும் அமெரிக்க சிகரெட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். இத்தனை குறைவான புகையிலையை வைத்துக்கொண்டு பீடி தந்த நச்சு வாயுக்கள், சிகரெட் தந்ததற்குக் குறைந்தவையாக இல்லை.

இதோடு பழக்கமும் சேர்கிறது. பீடியைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் அணைந்துவிடும். அணையாமல் காக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சிகரெட்டுக்கு ஒன்பது இழுப்பு என்றால் ஒரு பீடிக்கு 28 இழுப்பு என்று ஓர் ஆய்வில் எண்ணியிருக்கிறார்கள். பிறகு, எறியும் இடம். சோதனை இயந்திரம், பஞ்சைச் சுற்றிய காகிதம் தொடங்குவதற்கு மூன்று மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிடும். பீடி பிடிப்பவரைப் பாருங்கள்: கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நுனியைக் கிள்ளிப் பிடித்திருக்கும், கன்னம் உள்ளே குழியும், நூல் சுற்றிய இடம் வரை நெருப்பு வந்து விரல் சுடும்போதுதான் கை விடும். பெட்டிக்கடையில் ஒத்தை சிகரெட் வாங்குபவரும் காசு கொடுத்ததை வீணாக்க மனமின்றி ஒட்டப் பிடிக்கிறார். கடைசி இழுப்புகளில்தான் புகை கடுமை. முன்பகுதி எரியும்போது மீதிப் புகையிலையில் படிந்தவையும் இப்போது சேர்ந்து எரிகின்றன. கசிந்து போக நீளமும் இல்லை. புகையை நெஞ்சில் அடக்கி வைப்பவர்களும் உண்டு. அடக்கும் ஒவ்வொரு நொடியும் கார்பன் மோனாக்சைடு இரத்தத்துக்குள் கடக்கக் கொடுக்கும் அவகாசம்.

எண்ணிக்கையைக் குறைத்தவர்களுக்கு இது கசப்பான செய்தியாக இருக்கலாம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். பெனோவிட்ஸ் 1986-இல் இன்னோர் ஆய்வு செய்தார். நாளுக்குச் சராசரியாக 37 சிகரெட் பிடித்தவர்களை ஐந்து சிகரெட்டில் நிறுத்தினார். எண்ணிக்கை ஏழில் ஒரு பங்காகிவிட்டது. உடம்பில் ஏறும் நஞ்சு அப்படிக் குறையவில்லை, பாதிதான் குறைந்தது. கிடைத்த ஒவ்வொரு சிகரெட்டிலிருந்தும் மூன்று மடங்கு வரை உறிஞ்சியிருந்தார்கள். 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைத் திரட்டி வெளியான கட்டுரை, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் மாரடைப்புக்கான கூடுதல் ஆபத்து, இருபது பிடிப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதி இருக்கும் என்று காட்டியது. புற்றுநோய் ஆபத்து எண்ணிக்கையோடு ஏறி இறங்கும். இதயத்தின் கணக்கு வேறு. சிறிய அளவிலேயே அது பெரிதாகப் பாதிக்கப்படுகிறது. குறைப்பது விடுவதற்கான படியாக இருக்கட்டும். அதிலேயே நின்றுவிட்டால் உடம்புக்குக் கிடைப்பது நினைத்ததை விட மிகக் குறைவு.

இவையெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு என்று தள்ளவும் முடியாது. தமிழ்நாட்டிலேயே இந்தத் துறையில் உலகம் திரும்பிப் பார்த்த ஓர் ஆய்வு நடந்தது. சென்னையைச் சேர்ந்த வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பெட்டோவும் சகாக்களோடு 2003-இல் லான்செட் இதழில் அதை வெளியிட்டார்கள். சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும், 1990-களின் பிற்பகுதியில் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளுக்குப் போய், அவர்கள் புகை பிடித்தவர்களா, எதனால் இறந்தார்கள் என்று விசாரித்தார்கள். உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டார்கள். நடுத்தர வயதில் புகை பிடித்தவர்களின் இறப்பு விகிதம், பிடிக்காதவர்களைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் உலகத்தைத் திடுக்கிட வைத்தது புற்றுநோய்க் கணக்கு அல்ல. காசநோயால் இறப்பது, புகை பிடித்தவர்களிடம் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்று அந்தக் கட்டுரை மதிப்பிட்டது.

திருவள்ளூர் மாவட்டத்துக்குக் காசநோய் ஆராய்ச்சியோடு நீண்ட உறவு உண்டு. சென்னைச் சேத்துப்பட்டில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இருந்த நிறுவனம் பல ஆண்டுகள் இந்த மாவட்டத்துக் கிராமங்களில்தான் வீடு வீடாகச் சென்று சளி பரிசோதித்தது. அந்த மையத்தின் கோலப்பன், கோபி இருவரும் 2002-இல் வெளியிட்ட கட்டுரையும் இதையே சொன்னது: புகை பிடிக்கும் ஆண்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு, நாளுக்குப் பிடிக்கும் எண்ணிக்கை கூடக் கூட அதுவும் கூடியது. மூச்சுக்குழாயின் மயிரிழைகள் மந்தமாகி, கிருமியை விழுங்க வேண்டிய செல்களும் தளர்ந்துவிட்டால், பலருடைய உடம்பில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் காசக் கிருமி எழுந்துவிடுகிறது. பிடிப்பவரோடு அது நிற்பதும் இல்லை. காசநோய் இருமலில் பரவும். அப்பாவின் பீடி, வீட்டில் இருக்கும் குழந்தைக்குக் காசமாக வந்து சேர வழி இருக்கிறது.

வீட்டைப் பற்றிச் சொல்லும்போது, இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே நடப்பதையும் சொல்ல வேண்டும். விரலிடுக்கில் சும்மா புகைந்துகொண்டிருக்கும் சிகரெட் குறைந்த சூட்டில் எரிகிறது. இழுக்கும்போது ஏறக்குறைய 900 டிகிரிக்குப் போகும் கங்கு, அப்போது 600 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அந்த அரைகுறை எரிப்பில் கார்பன் மோனாக்சைடு இழுக்கும் புகையில் இருப்பதை விட அதிகம். அம்மோனியா பல மடங்கு அதிகம். பஞ்சு வழியாகப் போகாமல் நேரே அறைக்குள் கலப்பதும் இந்தப் புகைதான். பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கும் சிகரெட் புகையில் பெரும்பகுதி, பிடிப்பவர் ஊதிவிட்டது அல்ல, நுனியிலிருந்து இப்படிக் கிளம்பியது. 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 38.7 பேர் வீட்டிலேயே மற்றவர் புகையைச் சுவாசிக்கிறார்கள். ஜன்னலோரம் நின்று பிடித்தாலும் இந்தப் புகை அறைக்குள் திரும்பும். சட்டம் பொது இடத்தில் புகை பிடிப்பதை 2008 அக்டோபர் 2 முதல் கண்டிப்போடு தடுத்திருக்கிறது. வீட்டுக்குள் அந்தத் தடையை வீட்டாரே போட வேண்டும். தாய்மார்கள் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம். அதில் தவறே இல்லை.

விட்டவர்களுக்கு உடம்பு தரும் பதில் வேகமானது. கடைசி சிகரெட்டிலிருந்து ஒரு நாள் கழிந்தால் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு புகை பிடிக்காதவர் அளவுக்கு இறங்கிவிடும். இதை அளக்க ஊசிகூட வேண்டாம். கைக்கு அடக்கமான ஒரு கருவி உண்டு. மூச்சைச் சில நொடி அடக்கி, மெதுவாக ஊதினால், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று எண் தெரியும். பத்துக்கு மேல் காட்டினால் புகை பிடிப்பவர் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். 'பஞ்சு வைத்தது', 'அஞ்சோட சரி' என்று சொல்பவர் அந்தக் கருவியில் ஊதிப் பார்த்தால், தான் பிடிக்கும் விதத்தின் கணக்கு அங்கேயே தெரிந்துவிடும். விட்ட மறுநாள் வந்து மீண்டும் ஊதினால் எண் விழுந்திருக்கும். அந்த வீழ்ச்சியைக் கண்ணால் பார்ப்பது கொடுக்கும் தெம்பு வேறு.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 2002 முதல் புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கான மையம் இயங்குகிறது. காசநோய்த் திட்டமும் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டமும் சேர்ந்து வேலை செய்ய மத்திய அரசு 2017-இலேயே வழிமுறை வகுத்திருக்கிறது. அதன்படி சளிப் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் "பீடி, சிகரெட் உண்டா?" என்று கேட்டு, விடுவதற்கு உதவி செய்ய வேண்டும். பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அந்தக் கேள்வியோடு அந்த ஊதும் கருவியும் இருக்க வேண்டும் என்று ஊராட்சிகளும் நெசவாளர் சங்கங்களும் கேட்டு வாங்க வேண்டும். விலை உயர்ந்த எந்திரம் அல்ல அது. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் தொழிலாளருக்கு நடக்கும் மருத்துவப் பரிசோதனையிலும் அதைச் சேர்க்கலாம்; உலைக்களத்தில் வேலை செய்பவருக்கு வேலையிடத்திலிருந்தும் சிகரெட்டிலிருந்தும் ஒரே வாயு இரட்டையாக ஏற வாய்ப்புண்டு.

விடும்போது முதல் சில நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும். நிகோடின் இறங்குவதன் அறிகுறி அது. இரண்டு மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அதைச் சாதாரண மிட்டாய் போல் மென்று விழுங்கக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மீண்டும் மெல்ல வேண்டும். நிகோடின் அதிலும் உண்டு; ஆனால் கார்பன் மோனாக்சைடும் சயனைடும் பென்சீனும் இல்லை. இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண்ணை அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். இந்த ஊரில் இரண்டும் வீட்டு மொழிதான்.